ஆட்சியைத் துறந்த ஜப்பானியச் சிற்றரசர்

நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1549-இல் ஜப்பானில் கால் வைத்தார் என்பதை நாம் அறிவோம். அவர் விதைத்த நிலத்தில் விளைந்தவர் தக்கயாமா உக்கோன். 1552-இல் பிறந்த இவர், தம் தந்தையைப் பின்பற்றி 1564-இல் யுஸ்தோ என்னும் பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார்.

தக்காட்சுக்கிக் கோட்டையின் அதிபதியான இவர் வாளேந்திப் போர் புரிந்தவர்தாம். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழையின் பிணத்தைத் தொடுவதே இழிவெனக் கருதிய அந்நாட்டில், இவரும் தந்தையாரும் ஏழைகளின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தனர்!

1578-இல் வந்தது பெருஞ்சோதனை. இவருடைய தலைவர் அராக்கி, மாவீரர் நொபுநாகாவை எதிர்த்துக் கிளர்ந்தார். உக்கோனின் மகனும் சகோதரியும் அராக்கியிடம் பிணையாட்கள். கோட்டையை ஒப்படைக்காவிடில் குருக்களும் கிறிஸ்தவர்களும் மடிவர் என்றார் நொபுநாகா. எப்பக்கம் சாய்ந்தாலும் இரத்தப்பழி! உக்கோன் தலையை மழித்து, பதவியைத் துறந்து, நொபுநாகாவின் முன் தனியே போய் நின்றார். பிணையாட்களும் பிழைத்தனர், குருக்களும் பிழைத்தனர்.

1587-இல் விசுவாசத்தைக் கைவிடுமாறு ஹிதேயோஷி கட்டளையிட்டபோது, இவர் கைவிட்டது அக்காஷி நாட்டை. பின்னர் கனசாவாவில் மயேதா குலத்தாரின் ஆதரவில் நெடுங்காலம் வாழ்ந்தார். தேநீர்க் கலையில் ஆசான் ரிக்யுவின் தலைசிறந்த சீடர் எழுவருள் ஒருவராகவும் விளங்கினார்.

1614-இல் தொக்குகாவா ஆட்சி இவரை நாடு கடத்தியது. டிசம்பரில் மணிலா சேர்ந்தவர், 1615 பிப்ரவரியில் காய்ச்சலால் இறந்தார். வாளால் வெட்டுண்டு சாகவில்லை. எனினும் நாடுகடத்தலின் துன்பமே அவர் உயிரைப் பறித்ததெனக் கண்ட திருச்சபை, 2017 பிப்ரவரி 7-இல் ஒசாக்கா நகரில் அவரை மறைசாட்சியாகவே முத்திப்பேறு பெற்றவர் வரிசையில் சேர்த்தது.