கேள்விகள் வந்த வரிசை: நெய்வேலியைச் சுற்றி வளர்ந்த ஆய்வுகள்

நெய்வேலியைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளைத் துறைவாரியாகப் பிரித்தால் பெரும் பட்டியல் கிடைக்கும். நிலவியல், நீரியல், எரிபொருள் வேதியியல், வேளாண்மை, சட்டம், கல்வி, மொழி என்று அது நீளும். அதே ஆய்வுகளைக் காலவாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறொரு செய்தி தெரிகிறது. சுரங்கம் தோண்ட எந்த அறிவு தேவைப்பட்டதோ அது முதலில் வந்தது. தோண்டியதால் யார் எதை இழந்தார்கள் என்ற கேள்வி பல ஆண்டுகள் கழித்து வந்தது. அதுவும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் வழியாக வராமல் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. அந்த வரிசையையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

தொடக்கம் ஒரு கிணறு. 1930களின் நடுவில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளை இறக்கியபோது நீரோடு கரிய பொருளும் வெளிவந்தது. அதை அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனவர் அவர். பின்னாளில் இத்திட்டத்துக்கு 620 ஏக்கர் நிலம் கொடுத்தவரும் அவரே. அப்போது சென்னை மாகாணத்துக்குச் சொந்தமாக நிலக்கரி கிடையாது. வங்காளம், பீகார் சுரங்கங்களிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் வந்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்த வரத்தும் தடுமாறியது. 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இங்கே துளையிட்டுப் பார்த்ததை இந்தத் தட்டுப்பாட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். விடுதலைக்குப் பிறகு மாநில அரசு அந்த வேலையைத் தொடர்ந்தது. சுரங்கப் பொறியாளர் எச்.கே.கோஷ் 1950களின் தொடக்கத்தில் அறிக்கை தந்தார்; 1953இல் சோதனைக் குழி ஒன்று தோண்டப்பட்டது; பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் 1954இல் திட்டம் நடக்கக்கூடியதே என்று எழுதியது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் (என்.எல்.சி.) பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். ஆனால் பழுப்பு நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில்தான்.

இந்த நான்கு ஆண்டுத் தாமதத்துக்குள் இரண்டு பெரும் ஆய்வுச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று மேல்மண். ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க ஏறக்குறைய ஐந்தரை கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண் சாதாரண மண்ணன்று. கடலூர் மணற்கல் என்று நிலவியலார் பெயரிட்ட, எந்திரத்தின் பல்லைத் தேய்க்கிற பாறை. இங்கே கொண்டுவரப்பட்ட ஜெர்மன் பக்கெட் வீல் எந்திரங்கள் அந்நாட்டின் இளகிய மண்ணில் பழகியவை. இங்கே அவற்றின் பற்கள் விரைவில் தேய்ந்தன. முதலில் வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திவிட்டுப் பிறகு எந்திரத்தை விடும் முறை இந்தத் தேவையில் பிறந்ததே. உலோகவியலும் பாறை இயக்கவியலும் நெய்வேலிக்குள் வந்த கதை இது.

இரண்டாவது சிக்கல் தண்ணீர். என் பார்வையில் நெய்வேலியின் ஆய்வு வரலாற்றில் அசலான அறிவு விளைந்த இடம் இதுதான். நிலக்கரிப் படுகைக்கு அடியில் மணல் அடுக்கில் நீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அது மேல்நோக்கி அழுத்துகிறது. மேலே உள்ள மண்ணை எடுத்துவிட்டால் அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லாமல் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் பொங்கும். ஆகவே குழியைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் இறக்கி, இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே தோண்ட வேண்டும். எங்கே எத்தனை கிணறு, எவ்வளவு ஆழம், இறைத்தால் எத்தனை கிலோமீட்டர் தொலைவுவரை நீர்மட்டம் இறங்கும் என்ற கணக்குகள் இல்லாமல் ஒரு நாள்கூடச் சுரங்கம் ஓடாது. 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் நடந்த நிலத்தடி நீர் ஆய்வுகளில் நெய்வேலிப் படுகைக்கு முக்கிய இடம் கிடைத்தது. பின்னர் கார்பன்-14 முறையில் வயதைக் கணித்தவர்கள், ஆழத்தில் இருப்பது பல்லாயிரம் ஆண்டு பழைய நீர் என்று காட்டினார்கள்.

ஜம்புலிங்க முதலியாருக்குக் கரியைக் காட்டிக்கொடுத்ததும் இதே நீரடுக்குதான். அந்தக் காலத்தில் இப்பகுதிக் கிணறுகளில் நீர் தானாகப் பொங்கியது. சுரங்கத்தின் பார்வையில் அது பகை. உழவரின் பார்வையில் அது சொத்து. நீரியல் அறிக்கைகள் பகையைத் துல்லியமாக அளந்தன. சொத்து எவ்வளவு குறைந்தது என்று ஊர் ஊராக, கிணறு கிணறாக அளந்த ஆய்வு அதே அக்கறையோடு நடக்கவில்லை. இறைத்த நீர் பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனமாகிறது என்பதும் உண்மை. ஆனால் ஏரியில் பாய்கிற நீரைக் கொண்டு மேட்டுநிலத்துக் கிணற்றின் இழப்பை ஈடுகட்ட முடியாது.

தூய அறிவியலுக்கும் இங்கே ஒரு வாய்ப்பு வந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழுப்பு நிலக்கரி என்பது மக்கிய காடு. அதில் பதிந்திருந்த மகரந்தத்தூள்களை 1960களில் தாவரவியலார் சி.ஜி.கே.ராமானுஜம் ஆராய்ந்து, மயோசீன் காலத்துக் காடு என்று எழுதினார். பிறகு வந்தவர்களில் சிலர் அதைவிடப் பழைய இயோசீன் காலம் என்று வாதிட்டார்கள். இரண்டுக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டு வித்தியாசம். இந்த வாதத்தால் ஒரு டன் கரிகூட அதிகம் கிடைக்காது. இருந்தும் நடந்தது என்பதே அதன் பெருமை. வடக்கே திருவக்கரையில் உள்ள கல்மரங்களையும் (1781இல் சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் குறித்துவைத்தவை) கடலூர் மணற்கல்லோடு சேர்த்துப் படித்தால்தான் இந்த நிலத்தின் பழைய தாவர வரலாறு பிடிபடும்.

வேதியியலின் கதை ஏற்றமும் இறக்கமும் கொண்டது. நெய்வேலிக் கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். அப்படியே எரித்தால் வெப்பம் குறைவு. அதனால் மின்சாரம் மட்டுமே எடுக்காமல் உரம், அடுப்புக் கரி என எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் செய்வதாக முதல் திட்டம் இருந்தது. கரியை வாயுவாக்கி யூரியா செய்தார்கள். வில்லைகளாக்கிக் கரியூட்டி ‘லெகோ’ என்ற பெயரில் விற்றார்கள். யூரியா ஆலை பிற்பாடு எண்ணெய்க்கு மாறியது. கடைசியில் இரண்டு ஆலைகளுமே மூடப்பட்டன. மின்சாரம் மட்டும் நிலைத்தது. 1962இல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. நிறுவனத்தின் சொந்த ஆய்வு மையமான கார்டு, கரியிலிருந்து ஹியூமிக் அமிலம் பிரித்துப் பயிருக்குக் கொடுக்கும் வழியைத் தேடியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதில் சேர்ந்தது. தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மீண்டும் பயிர் வளர்க்கும் சோதனைகளும் நடந்தன. வேளாண் அறிவியல் இங்கே நுழைந்த வாசலைக் கவனியுங்கள்: தோண்டுமுன் அந்த மண்ணில் என்ன விளைந்தது என்ற கேள்வியோடு அது வரவில்லை, தோண்டியபின் எதையாவது விளைவிக்க முடியுமா என்ற கேள்வியோடு வந்தது.

சட்டம் பிந்தி வந்தது. வந்தபின் அதுவே மிகுந்த ஆவணங்களை விட்டுச்சென்றது. 1950களில் இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இடம்பெயர்ந்தன. நிலம் எடுத்தது அரசு, 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி. பணம் கொடுத்தது நிறுவனம். போதாது என்று நிலம் கொடுத்தோர் நீதிமன்றம் போனார்கள். அங்கே ஒரு நுட்பமான கேள்வி எழுந்தது: இழப்பீட்டை உயர்த்தும் வழக்கில் பணம் கட்டப்போகும் நிறுவனத்துக்குத் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டா? நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் எதிர் தனி வட்டாட்சியர் என்ற வழக்கில், உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 1995இன் தீர்ப்புத் தொகுப்புகளில் அது வெளியானது. நில எடுப்புச் சட்டம் படிக்கும் மாணவருக்கு இந்தியா முழுவதும் நெய்வேலி என்றால் இந்தத் தீர்ப்புதான். யாருடைய நிலம், எந்த ஊர் என்பதெல்லாம் மேற்கோளில் உதிர்ந்துவிட்டது. சட்ட ஆய்வின் பலமும் பலவீனமும் இதில் அடங்கியிருக்கிறது.

அடுத்த கட்டம் மேலும் சிக்கலானது. தொழில் நோக்கங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. மறுவாழ்வையும் உள்ளடக்கிய மத்தியச் சட்டம் 2013இல் வந்தது. ஆனால் மாநிலம் தன் பழைய சட்டங்களுக்கு விலக்குப் பெற்றது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. அதே ஆண்டு மாநிலம் மறுபடியும் சட்டம் இயற்ற, 2021 ஜூனில் ஜி.மோகன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இந்தச் சட்ட வரலாறு தாளில் மட்டும் நிற்கவில்லை. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில், பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டும் உழவர்கள் பயிரிட்டுவந்த நிலத்தில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட நெற்பயிரின் மேலேயே எந்திரங்கள் இறங்கின. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. பயிர் நிற்கும்போது நிலம் யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. ஊர் வேறொரு விடை வைத்திருக்கிறது. அந்த இரண்டாவது விடையைப் பதிவுசெய்ய மானிடவியலார் தேவை.

கல்வி ஆய்வு மிகவும் மெலிந்த பகுதி. வட்டம் வட்டமாகத் திட்டமிட்ட நகரியம், நிறுவனப் பள்ளிகள், ஜவகர் அறிவியல் கல்லூரி, 1998 முதல் நடக்கும் புத்தகக் கண்காட்சி என்று வெளித்தோற்றம் செழிப்பானது. ஆனால் 2022இல் 299 பட்டதாரிப் பயிற்சியாளர் பணியிடங்கள் கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வழியே நிரப்பப்பட்டு, தேர்வானோரில் தமிழ்நாட்டவர் இல்லை என்ற சர்ச்சை எழுந்தது. அப்போது விவாதம் மாநில உரிமை என்ற தளத்திலேயே நடந்தது. நிலம் கொடுத்த குடும்பங்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை எந்த வகுப்புவரை படித்தது, எங்கே நின்றது என்ற எளிய கணக்கு யார் கையிலும் இருக்கவில்லை. அரசியல் மேடையில் அது எண்ணாகவே வரவில்லை.

மானுடப் புலங்கள் சுரங்கத்துக்கு அருகிலேயே, சுரங்கத்தோடு பேசாமல் வளர்ந்தன. ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டரில் வள்ளலாரின் வடலூர். ஆ.பாலகிருஷ்ண பிள்ளை அவருடைய திருவருட்பாவைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பதிப்பித்த காலம் 1931 முதல் 1958 வரை. கரி கண்டுபிடிக்கப்பட்டதும் சுரங்கம் தொடங்கியதும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஊரன் அடிகளின் பதிப்பு 1972இல் வந்தது. சுவடி ஒப்பிட்டுக் காலமுறை வகுத்த அந்த உழைப்பு, எந்த ஆய்வுக்கூடத்தின் உழைப்புக்கும் குறைந்ததன்று. விருத்தாசலத்தை ஒட்டிய மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார், 2007இல் வெளிவந்தது. முந்திரியும் பலாவும் செம்மண்ணும் சேர்ந்த வாழ்க்கையின் சொற்கள் அதில் இருக்கின்றன. பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலையைத் தனிமனிதர் செய்தார். 2024இல் பண்ருட்டி வட்டம் மருங்கூரில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. இந்த மண்ணைக் கரிக்காக அன்றி மனிதருக்காகத் தோண்டிய பெருமுயற்சி அது.

2023இல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்ற அமைப்புகள் சேர்ந்து சுரங்கம், அனல்மின் நிலையங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் நீரையும் மண்ணையும் எடுத்துச் சோதித்து அறிக்கை வெளியிட்டார்கள். பாதரசம் உள்ளிட்ட மாசுகள் அதில் பேசப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. நீரியல், வேதியியல், மருத்துவம், சட்டம் நான்கும் ஒரே ஊரின் குடிநீரில் சந்தித்தன. சுரங்கம் கேட்காமல் ஊர் கேட்ட கேள்வியிலிருந்து புறப்பட்ட ஆய்வு என்பதால் இதற்கு இந்த வரிசையில் தனி இடம் உண்டு. அதன் முடிவுகளை மறுப்பதானாலும் ஏற்பதானாலும் பழைய அளவீடுகள் வேண்டும். 1960களிலிருந்து எந்தக் கிணற்றில் எவ்வளவு இறைத்தார்கள், நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு எங்கே நின்றது, எந்த ஊரில் யாரிடமிருந்து எவ்வளவு நிலம் என்ன விலைக்கு எடுத்தார்கள் என்பவையெல்லாம் நிறுவனத்தின் கோப்புகளிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றைப் படியெடுத்து, சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ யாரும் வந்து பார்க்கும்படி என்.எல்.சி.யும் தமிழ்நாடு அரசும் வைக்க வேண்டும்.