வால்வுக்குள் ஒரு ரப்பர் வளையம்

வால்வின் கைப்பிடியைத் திருகும்போது தண்டின் ஓரமாக நீர் ஏன் கசிவதில்லை? முன்னாளில் அங்கே கிரீஸ் தோய்த்த கயிற்றைத் திணித்தார்கள். அது தேயத் தேய நட்டை இறுக்கவேண்டும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், தமது 72-ஆம் வயதில், 1937-இல், பிஸ்டனுக்கென ஓர் எளிய வழி கண்டு காப்புரிமை கோரினார். ஒரு ரப்பர் வளையம். அதன் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கு அகலமுள்ள பள்ளம். அவ்வளவுதான்! அழுத்தமே வளையத்தை இடுக்கில் நெருக்கி வழியை அடைத்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு அவ்வுரிமையை எடுத்துக்கொண்டு ஆலைகளுக்குத் திறந்துவிட்டது. வளையம் எங்கும் பரவிற்று.

உங்கள் வால்வுக்கு வளையம் வாங்கும்போது அளவு மட்டும் பார்த்தால் போதாது. குளிர்ந்த நீருக்கு நைட்ரைல் ரப்பர் போதும்; வெந்நீருக்கு ஈ.பி.டி.எம். ரப்பரே நல்லது. ஆனால் பெட்ரோலிய கிரீஸ் அதற்குப் பகை. பூசினால் வளையம் ஊதிப் பருத்து, கைப்பிடி திரும்ப மறுக்கும். சிலிக்கோன் கிரீஸையே பூசுங்கள்.