கடற்கோட்டையும் கண்ணீர் வாயிலும்

உயர்தர வகுப்பில் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், பேச்சு ஊர்காவற்றுறைக் கடலின் நடுவே நிற்கும் கோட்டைக்குப் போய்விட்டது. தீவுப் பகுதியிலிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சுத்திவரக் கடல். உள்ளுக்கு இருந்தவங்கள் என்னத்தைக் குடிச்சவங்கள்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரலாற்று நூல்கள் பலவும் அக்கோட்டையின் பீரங்கிகளையும் கொத்தளங்களையும் சொல்லும். குடிநீரை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போகும். ஆனால் அக்கோட்டை கைமாறிய கதையே அந்த ஒரு வரியில்தான் அடங்கிக் கிடக்கிறது. நேயர்களே, அந்தப் பையனுக்கு வகுப்பில் சொல்லி முடிக்க இயலாது போன விடையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காரைநகர்த் துறையில் பாதைக்காகக் காத்து நின்றவர்களுக்கு அந்தக் கோட்டையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட நீரிணையில், ஒரு சிறு திட்டின் மேல், கடலிலிருந்தே முளைத்தது போல நிற்கிறது. எம்மவர் அதனைக் கடற்கோட்டை என்பர். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் முருகைக்கற்களால் கட்டியது. பின்வந்த ஒல்லாந்தர் அதற்கு 'ஹமன்ஹீல்' என்று பெயரிட்டார்கள். பன்றித்தொடையின் குதிகால் என்பது அதன் பொருள். இலங்கையின் வரைபடத்தைப் பார்த்தபோது முழுத் தீவும் அவர்களுக்கு உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையாகத் தெரிந்தது. தொடையின் ஒடுங்கிய நுனியில் இக்கோட்டை இருந்ததாம். ஈழத்தை முத்தென்றும் மாங்கனியென்றும் கண்டவர்கள் உண்டு. சாப்பாட்டு மேசையில் வைத்துக் கண்டவர்கள் இவர்கள்தான்.

இந்த ஒடுங்கிய நீர்வழிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? முதலாம் பராக்கிரமபாகுவின் பெயரால் அமைந்த நயினாதீவுக் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே அதற்கு விடை தந்துவிடுகிறது. பரதேசத்து வணிகர் ஊராத்துறையிலே வந்து கூடவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அச்சாசனம். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கே அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. உடைந்த கப்பல் கண்டவன் சொத்தன்று என்பதை அரசன் தமிழில் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறான். இச்செய்தியை நேயர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

குதிரை எங்கிருந்து வந்தது? அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும். ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து பாண்டிநாட்டுக் கரைக்குக் குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் கண்டவர். அந்த மன்னனுடைய கலங்களைத் தமிழ்நாட்டுக் கரையிலே தாம் கண்டதையும், அவற்றோடு வந்தவர்கள் யேமனுக்குப் போகும் தம் கப்பல்களைக் காக்க வந்ததாகச் சொன்னதையும் அவர் குறித்து வைத்துள்ளார். நல்லூரும் யேமனும் ஒரே கடற்பாதையின் இரு முனைகளாக இருந்த காலம் அது. பாதை ஒன்றாக இருந்தபடியால்தான், பின்பு அங்கே நடந்த பறிமுதலும் இங்கே நடந்த பறிமுதலும் ஒரே முகச்சாயலோடு இருக்கின்றன.

போர்த்துக்கேயர் வந்தபோது கடல் முழுவதையும் ஆள முயலவில்லை. அதன் வாசல்களை அடைத்துப் பிடிப்பதே அல்புகேர்க்கின் எண்ணமாக இருந்தது. 1510இல் கோவா, 1511இல் மலாக்கா. 1513இல் செங்கடலின் வாயிலாகிய ஏடனைத் தாக்கித் தோற்றான். 1515இல் பாரசீகக் குடாவின் வாயிலாகிய ஓர்முஸ் தீவை முழுமையாகத் தன் கைக்குள் கொண்டுவந்தான். ஓர்முஸ் உலகப் பெருஞ்சந்தைகளுள் ஒன்று. ஆனால் உப்புப் பாறையாலான அத்தீவில் ஒரு நகரம் குடிக்கப் போதிய நல்ல தண்ணீர் கிடையாது. குடிநீர் அயல்தீவாகிய கிஷிமிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் வள்ளங்களில் வரவேண்டும். அல்புகேர்க் 1507இல் முதன்முதல் அத்தீவை முற்றுகையிட்டபோது செய்த வேலைகளில் ஒன்று அந்தத் தண்ணீர் வராமல் தடுத்தது.

தான் செய்தது ஒருநாள் தன்னவர்க்கே திரும்பி வரும் என்று அவன் எண்ணியிருக்கமாட்டான். பாரசீக மன்னன் ஷா அப்பாசின் படையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களும் 1622இல் ஓர்முசின் மேற் சென்றபோது, நேரே ஓர்முசுக்குப் போகவில்லை. கிஷிம் தீவின் கிணறுகளைக் காக்கப் போர்த்துக்கேயர் கட்டியிருந்த கோட்டையை முதலில் பிடித்தார்கள். அந்தச் சண்டையில், வட துருவக் கடல்களில் வழிதேடிப் புகழ்பெற்ற மாலுமி வில்லியம் பஃபின், கோட்டைக்குக் குறி அளந்துகொண்டிருந்த வேளையில் சுடப்பட்டு இறந்தார். பனிக்கடலில் சாகாதவருக்கு ஒரு கிணற்றடிச் சண்டையில் சாவு வந்தது. கிணறு போனபின் ஓர்முஸ் சில மாதங்களே நின்றது. 1650இல் ஓமான் நாட்டவர் மஸ்கட்டையும் மீட்டுக்கொண்டார்கள். அரபுக் கரையில் போர்த்துக்கேயரின் கதை அத்தோடு முடிந்தது எனலாம்.

மேற்கே வாசல்கள் ஒவ்வொன்றாகப் போக, இங்கே ஒல்லாந்தர் நெருங்கினார்கள். 1656இல் கொழும்பு. 1658இன் தொடக்கத்தில் தூத்துக்குடியும் மன்னாரும். அங்கிருந்து றைக்லொவ் வன் கூன்சின் படை குடாநாட்டுக்குள் புகுந்து யாழ்ப்பாணக் கோட்டையைச் சூழ்ந்தது. கூடவே வந்த பல்தேயஸ் பாதிரியார் தாம் கண்டவற்றை எழுதி 1672இல் நூலாக வெளியிட்டார். யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கடல்வழி உதவி வரக்கூடிய கதவு ஊர்காவற்றுறை நீரிணை. அக்கதவின் தாழ்ப்பாள் கடற்கோட்டை. ஆகவே வன் கூன்ஸ் அதையும் வளைத்தான். சுற்றிவர ஆழ்கடலில்லாத பரவைக் கடல், ஏணி வைத்து ஏறவும் வசதியில்லை, சுவர்களோ தடித்தவை. அப்படியிருந்தும் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து சரணடைந்தார்கள். குடிக்கத் தண்ணீர் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணக் கோட்டை பசியோடும் நோயோடும் யூன் மாதம் வரை தாக்குப்பிடித்து, பின் அதுவும் கைமாறிற்று.

எம் குடாநாட்டின் நிலத்தடியை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆறு இல்லாத ஊர் எங்களுடையது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே நிற்கும் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதைத்தான் துலாவாலும் பின்பு இயந்திரத்தாலும் இறைத்து வாழ்ந்துவருகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும். இந்த அறிவு கடற்கோட்டையைக் கட்டிய பொறியியலாளனுக்கு இல்லை. அத்திட்டின் எதிர்க்கரையில் கிணறு வெட்டியவனுக்கு இருந்தது. அவனை யார் கேட்டார்கள்? 1619இல் சங்கிலி மன்னனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்ட போதும் சரி, 1658இல் கொடி மாறிய போதும் சரி, இந்நிலத்தில் வாழ்ந்தவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒல்லாந்தர் மட்டும் ஒரு பாடம் படித்திருந்தார்கள்: கடற்கோட்டைக்குள் மழைநீரைத் தேக்கத் தொட்டி கட்டினார்கள்.

மூன்றாம் மாற்றம் 1795இல். பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடித்துவிட, அந்நாட்டுத் தலைவர் இலண்டனுக்கு ஓடிவந்து, குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்படி அங்கிருந்தே கடிதம் எழுதினார். ஓகஸ்டில் திருகோணமலையும் செப்ரெம்பரில் யாழ்ப்பாணமும் ஆங்கிலேயர் வசமாயின. திருகோணமலையில் சண்டையாவது நடந்தது. யாழ்ப்பாணத்தில் அதுவும் பெரிதாக இல்லை.

இனி மறுமுனைக்கு, யேமனுக்குப் போவோம். 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கினான். அடுத்து அவன் செங்கடல் வழியாக இந்தியாவுக்கு வருவான் என்ற அச்சம் பம்பாயையும் கல்கத்தாவையும் பிடித்துக்கொண்டது. செங்கடலின் தென்வாயிலுக்கு அரபு மொழியில் 'பாப் எல் மண்டப்' என்று பெயர். கண்ணீர் வாயில் என்று பொருள் கூறுவர். அவ்வாயிலின் நடுவே பெரிம் என்றொரு மொட்டைத் தீவு. 1799 மே மாதம் கம்பனி பம்பாயிலிருந்து ஏறக்குறைய முந்நூறு படைவீரரை அனுப்பி அதைப் பிடித்தது. எதிர்ப்பதற்கு அங்கே ஆளில்லை; குடிப்பதற்குத் தண்ணீரும் இல்லை. தீவில் வைத்த பீரங்கியின் குண்டு நீரிணையின் மறுகரைவரை எட்டாது என்பதையும் அங்கே போன பிறகுதான் கண்டார்கள். செப்ரெம்பரில் மூட்டை கட்டினார்கள். வரைபடத்தில் அதைவிடச் சிறந்த இடம் இருக்க முடியாது.

அந்த அச்சத்தில் எங்கள் திருகோணமலைக்கும் பங்குண்டு. 1800இன் முடிவில் அங்கே ஒரு பெரும்படை திரட்டப்பட்டது. தலைவர், பின்னாளில் வோட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு. அப்போது ஆதர் வெல்லஸ்லி. மொரீசியசுக்கா, பத்தாவியாவுக்கா என்று இழுபட்டிருந்த படை, ஈற்றில் செங்கடல் வழியாக எகிப்துக்குத் திருப்பப்பட்டது. இடையிலே தலைமை பேர்ட் என்பவருக்கு மாற்றப்பட, வெல்லஸ்லி பம்பாயில் நோயாகி நின்றுவிட்டார். அவர் ஏறியிருக்க வேண்டிய கப்பல் செங்கடலில் எல்லோருடனும் மூழ்கிப்போயிற்று. பேர்ட்டின் சிப்பாய்கள் பாலைவனத்தைத் தண்ணீருக்குத் தவித்தபடி கடந்து நைல் நதியை அடைந்தபோது, கெய்ரோ ஏற்கனவே பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போயிருந்தது.

நெப்போலியன் போனபின்பும் வாயிலின் மேலிருந்த ஆசை போகவில்லை. நீராவிக் கப்பல் வந்தது. 1830இல் 'ஹியூ லின்ட்சே' பம்பாயிலிருந்து சூயசுக்குப் போகும் வழியில் ஏடனில் நின்று நிலக்கரி ஏற்றியது. இடையில் கரி ஏற்ற ஒரு துறை வேண்டும். அதே காலத்தில் எகிப்தின் முகம்மது அலி பாஷாவின் படைகள் அரபு நாட்டில் தெற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. அவருக்குப் பின்னால் பிரான்ஸ் நிற்கிறது என்று இலண்டன் சந்தேகித்தது. ஏடனை எடுக்க ஒரு சாட்டுத்தான் தேவையாயிருந்தது. அந்தச் சாட்டு தமிழ்நாட்டிலிருந்து போயிற்று!

'தரியா தௌலத்' என்பது சென்னைக் கப்பல். கர்நாடக நவாப் குடும்பத்துப் பேகம் ஒருவருக்கு உரியது. ஆங்கிலக் கொடி கட்டியது. யாத்திரிகரோடும் சரக்கோடும் போன அக்கப்பல் 1837 ஜனவரியில் ஏடனுக்கு அருகே தரைதட்டி உடைந்தது. சரக்குச் சூறையாடப்பட்டது; பயணிகள் மானபங்கப்படுத்தப்பட்டனர். ஆங்கிலக் கடற்படை அளவையாளரான கப்டன் ஹெயின்ஸ், நட்டஈடு கேட்டுப் போனவர், ஏடனையே விலைக்குக் கேட்டார். லஹேஜ் சுல்தான் முதலில் இணங்கியதாகவும் பின்பு மறுத்ததாகவும் பேச்சு. 1839 ஜனவரி 19ஆம் நாள் இரண்டு போர்க்கப்பல்களும் ஏறக்குறைய எழுநூறு படையினரும் ஏடனைப் பிடித்தனர். விக்டோரியா மகாராணியின் காலத்தில் பேரரசோடு சேர்க்கப்பட்ட முதல் நிலம் அது என்பர். உடைந்த கலத்தின் சரக்கில் உடையவனுக்கு எத்தனை பங்கு என்று ஊராத்துறைக்குக் கல்லில் எழுதியவனின் காலத்துக்கும் இதற்கும் ஏறக்குறைய எழுநூறு ஆண்டு இடைவெளி. சூறையாடியது குற்றமே, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உடைந்த ஒரு கப்பலுக்கு ஒரு நகரம் ஈடாகுமா? அந்தப் பேகத்துக்காக அல்ல, நிலக்கரிக்காகவே அவர்கள் வந்தார்கள்.

பெரிமை 1857இல் மறுபடியும் பிடித்தார்கள். அதைப்பற்றி ஒரு கதை: அத்தீவில் கொடிநாட்டப் போன பிரெஞ்சுக் கப்பற் தலைவன் ஏடனில் விருந்துண்ணும்போது வாய்தவறி இரகசியத்தைச் சொல்லிவிட்டானாம், விருந்து முடியுமுன்பே ஆங்கிலக் கப்பலொன்று புறப்பட்டு முந்திக்கொண்டதாம். சுவையான கதைதான். ஆனால் பெரிமைப் பிடிக்கும் முடிவு பம்பாயில் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. இம்முறை தண்ணீர்? கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரங்கள் அந்நாளில் வரத் தொடங்கியிருந்தன.

ஏடனில் வேறொரு புதினம் நடந்தது. எரிந்து அணைந்த எரிமலையின் வாய்க்குள் இருக்கும் அந்நகரின் பின்னால், மலை மடிப்புகளில், மண் மூடிக்கிடந்த பழைய நீர்த்தொட்டிகளைப் பிளேஃபெயர் என்ற அதிகாரி 1850களில் தோண்டி எடுக்கத் தொடங்கினார். அபூர்வமாகப் பெய்யும் மழை மலைச்சரிவில் வழிந்தோட, ஒரு தொட்டி நிரம்பி அடுத்ததற்கு வழியும்படி பாறையைக் குடைந்து சுதை பூசிய தொட்டிகள். கட்டியவர் யாரென்று பெயர் எழுதிவைக்கவில்லை. அந்த ஊரில் தாகத்தோடு வாழ்ந்த யாரோ.

ஏடனைப் பிடித்த ஹெயின்சின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். பதினைந்து ஆண்டுகள் அத்துறையை நடத்தியவர். 1854இல் கணக்கிலே பணம் குறைகிறதென்று பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். மோசடிக் குற்றத்திலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் கடனுக்காக ஆறு ஆண்டுகளளவு அங்கே சிறையில் கிடந்தார். 1860 யூனில் வெளியே வந்து, சில நாள்களுக்குள் இறந்தார். ஏடன் மட்டும் 1967 நவம்பர் 30 வரை பிரித்தானியாவிடம் இருந்தது.

கடற்கோட்டையும் பின்பு சிறையானது. அண்மைக்காலத்தில் கடற்படையினர் அதை உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக்கினார்கள்.

அடுத்த பாடவேளையில் அந்த மாணவனுக்கு இவற்றுள் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "எங்கடை கிணத்துத் தண்ணியும் கோடையிலை உப்புத்தான் சேர். பவுசர் வரும். வராட்டி அப்பா சைக்கிளிலை சாட்டிக்குப் போய் அள்ளிக்கொண்டு வாறவர்."