த்ரீ நாட் த்ரீ

கிர்க்கித் தொழிற்சாலையில் செய்த த்ரீ நாட் த்ரீ தோட்டாவைத் தலைகீழாகப் பிடித்து அதன் பித்தளை அடியைப் பார்த்தால் மூன்று சங்கதிகள் பொறித்திருக்கும்: கேஎஃப் என்ற இரண்டு ஆங்கில எழுத்து, செய்த ஆண்டு, ஏழைக் குறிக்கும் ரோமானிய எண். பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சீர்செய்து, தோட்டாவையும் கையால் அடைத்துச் சுடுகிறவர்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்த முத்திரை மனப்பாடம். நம் ஊரில் அந்தத் தோட்டா ஆயுதப்படைக் கிடங்கின் பெட்டியை விட்டு வெளியே வருவதே அபூர்வம். வந்தாலும், சுட்டு முடித்ததும் வெறுங்கூடுகளைப் பொறுக்கி, எண்ணி, கணக்கில் ஏற்ற வேண்டும். துப்பாக்கியைவிடத் தோட்டாவின் மேல் அரசாங்கத்துக்கு ஏன் இத்தனை கண்? இதற்குப் பதில் சொல்லத் தூத்துக்குடிக் கரையிலிருந்து தொடங்குவதுதான் சரி.

1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களுக்கு முத்தும் துணியும் தங்குதடையில்லாமல் கிடைக்க வேண்டுமானால் உள்நாட்டுப் பாளையக்காரர்களின் தயவு வேண்டும். பாளையக்காரர்களுக்கோ துப்பாக்கியும் மருந்தும் வேண்டும். 1783 ஆகஸ்டில் ஆங்கிலேயர் படையின் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, உள்ளே ஆயுதங்களோடும் வெடிமருந்தோடும் ஒரு காகிதமும் சிக்கியது. கொழும்பு டச்சு அரசாங்கமும் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மூலப்பிரதி அது. அந்தப் பாளையக்காரர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டியர் அல்ல, அவருக்கு முந்தியவர். வெள்ளைக்காரனோடு ஆயுதப் பேச்சு என்பது வீரபாண்டியர் காலத்துக்கு முன்பே அந்த வீட்டில் பழகிய விஷயம்.

அன்றைய திரித்துப்பாக்கிக்கு யார் வேண்டுமானாலும் இரை போடலாம். வெடியுப்பை உவர் மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்க உப்பிலியர்கள் இருந்தார்கள். கரிக்குப் பஞ்சமில்லை. கந்தகமும் ஈயமும் கப்பலில் வந்திறங்கின. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, நாரை வைத்துக் குத்தி, குண்டை உருட்டிவிட்டால் முடிந்தது. அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் துப்பாக்கி கோபித்துக்கொள்ளாது. மருந்துக் கிடங்குதான் போரின் உயிர்நிலை என்பது இரு தரப்புக்கும் தெரியும். வீரபாண்டியரின் தளபதி கவர்னகிரிச் சுந்தரலிங்கம் கும்பினியாரின் மருந்துக் கிடங்கில் பாய்ந்து உயிர்விட்டார் என்று இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள்.

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி மறுபடியும் விழுந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையங்களில் இனி யாரும் துப்பாக்கியோ ஈட்டியோ வைத்திருக்கக் கூடாது. கருவியையே பிடுங்குவதைத் தவிர அன்று வேறு வழி இல்லை. ஏனென்றால் மருந்தை ஊருக்குள்ளேயே செய்துகொள்ளலாம், அதைத் தடுக்க முடியாது. ஆனாலும் அந்தக் கைவேலை அழிந்துவிடவில்லை. உரிமம் வாங்கி வைத்திருக்கும் விவசாயிகளும் நரிக்குறவர்களும் நாட்டுத் துப்பாக்கியை இன்றுவரை வாய்வழியேதான் கெட்டிக்கிறார்கள்.

அறுபத்தைந்து ஆண்டு கழித்து, 1866-இல், லண்டனை அடுத்த வுல்விச் ஆயுதசாலையில் எட்வர்ட் பாக்ஸர் என்ற ராணுவ அதிகாரி மருந்து, குண்டு, தீப்பொறிக் கேப்பு மூன்றையும் உலோகக் கூடு ஒன்றுக்குள் அடக்கினார். ஸ்னைடர் துப்பாக்கிக்கான தோட்டா அது. 1857-இல் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவால் பட்ட சூடு அப்போது ஆறியிருக்கவில்லை. புதுத் தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டியதில்லை என்பது ஒரு சௌகரியம். கிராமத்துக் கொல்லனாலும் உப்பிலியனாலும் அதைச் செய்ய முடியாது என்பது அதைவிடப் பெரிய சௌகரியம். ஆள்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் நீண்ட நாள் கைகொடுத்தது என்பேன்.

1888-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் த்ரீ நாட் த்ரீ தோட்டா பிறந்தது. முதலில் அதற்குள் பழைய கருமருந்துதான். மூன்றே ஆண்டில் புகையற்ற கார்டைட் அந்த இடத்துக்கு வந்தது. நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின் மூன்றையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் போல அச்சில் பிழிந்து எடுக்கும் மருந்து இது. தூளாக இல்லாமல் கயிறு கயிறாக இருக்கும். கயிற்றுக் கட்டு தோட்டாவின் குறுகிய கழுத்துக்குள் நுழையாது. அதனால் கூடு நேராக இருக்கும்போதே கட்டைச் செருகிவிட்டு, பிறகு எந்திரத்தில் கொடுத்துக் கழுத்தை ஒடுக்கினார்கள். வீட்டு மேசையில் தோட்டா அடைப்பவர் இதைப் போலச் செய்ய முடியாது. அவர் இன்றைய தூள் மருந்தை நிறுத்துத்தான் போடுகிறார்.

இந்தியாவுக்கான கார்டைட்டை இங்கேயே செய்ய நீலகிரி அருவங்காட்டில் 1903-இல் தொழிற்சாலை எழும்பியது. குளிர்ந்த மலை, ஓடும் தண்ணீர், அன்று ஆள் நடமாட்டம் குறைவு. 1908-இல் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு நீண்ட மலை ரயில் இன்றும் அந்த ஊரில் நின்றுதான் போகிறது. மருந்து அருவங்காட்டில், துப்பாக்கி வங்காளத்து இஷாப்பூரில், தோட்டா புனே அருகே கிர்க்கியில். மூன்று திசையில் மூன்று கதவு, சாவி மட்டும் ஒரே கையில்.

தோட்டாவின் முனைக்கும் ஒரு கதை உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் கேப்டன் பெர்ட்டி கிளே முனையில் ஈயம் வெளியே தெரியும்படி ஒரு குண்டைச் செய்தார். உடம்பில் பட்டதும் அது விரிந்து கிழிக்கும். 1899-இல் ஹேகில் கூடிய நாடுகள் அந்த வகைக் குண்டைத் தடை செய்தன. 1910-இல் வந்த ஏழாம் மாதிரி முழுக்க உலோக உறை போட்டது, சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் உறையின் முனைக்குள் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியத்தை வைத்தார்கள். பின்பக்கம் கனத்த அந்தக் குண்டு உடம்புக்குள் போனதும் குப்புறப் புரளும். ஹேகின் சொல்லைக் காப்பாற்றி, அதன் பொருளைச் சாமர்த்தியமாகக் கைவிட்டார்கள்.

இனி உப்புக்கு வருகிறேன். தூத்துக்குடிக்காரர்களுக்குப் பாத்தி உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, சைக்கிள் மட்கார்டைக் கேட்டாலே சொல்லும். த்ரீ நாட் த்ரீயின் குழலுக்குள் வேறொரு உப்பு பிறக்கிறது. பழைய கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டித் தீக்குச்சியின் தலையில் இருக்கும் அதே பொருள். அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலின் காடிகளில் படியும். காற்றில் ஈரம் கண்டதும் இழுத்துக்கொள்ளும். கடற்காற்று வீசும் ஊரில் ஓர் இரவு சும்மா விட்டால் போதும், காலையில் குழல் சிவந்திருக்கும். எண்ணெய் தடவினால் உப்பு எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்து தின்னும். உப்பைக் கரைப்பது தண்ணீர் மட்டுமே. அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் புனல் கொடுத்து, குழலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். பிறகு புல்த்ரூ கயிற்றில் துணியைக் கோத்து இழுத்துத் துடைக்க வேண்டும், எண்ணெய் அதற்கப்புறம். எண்ணெய்க் குப்பிக்கும் கயிற்றுக்கும் கட்டையின் அடியிலேயே பொந்து வைத்திருந்தார்கள். இந்தத் தோட்டாவைச் சுடும் பழைய லீ என்ஃபீல்ட் துப்பாக்கியைச் சீர்செய்ய உட்காருகிறவர் முதலில் குழலுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்ப்பது, முன்பு யாரோ வெந்நீர் ஊற்றச் சோம்பியிருக்கிறாரா என்றுதான்.

சட்டத்தின் கண் எங்கே என்பது ஆயுத விதிகளைப் படித்தால் தெரியும். தடை செய்த துப்பாக்கி எது என்று சொல்ல வந்த விதி, த்ரீ நாட் த்ரீ ரைஃபிளையும் அந்த ராணுவத் தோட்டாவை ஏற்றுச் சுடக்கூடிய வேறெந்தக் குழலையும் சேர்த்துச் சொல்கிறது. துப்பாக்கிக்கு இலக்கணமே தோட்டாதான். வெள்ளையர் காலத்திலேயே இந்தப் புத்தி வந்துவிட்டது. கிடங்கிலிருந்து திருடிய தோட்டா வேட்டைத் துப்பாக்கியில் பொருந்தக் கூடாதென்று தனியாருக்கு த்ரீ ஒன் ஃபைவ் என்ற வேறொரு அளவைக் கொடுத்தார்கள். அது அடிப்படையில் ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டா. போலீசுக்கும் காவலாளிகளுக்கும் ஃபோர் டென் மஸ்கட் என்ற ஒன்றும் உண்டு. த்ரீ நாட் த்ரீயின் குழலைக் காடியில்லாமல் அகலமாக்கி, மேகசினில் மரக்கட்டையை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா என்று ஆக்கியது. அதன் தோட்டாவும் த்ரீ நாட் த்ரீயின் கூடுதான், கழுத்தை ஒடுக்காமல் விட்டது. தன் போலீசையே முழுதாக நம்பாத அரசு செய்யக்கூடிய துப்பாக்கி அது.

இத்தனை பூட்டுகளுக்கு நடுவேதான் 1911 ஜூன் 17 வந்தது. மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் மேல் வாஞ்சிநாதன் பிடித்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. இஷாப்பூரும் கிர்க்கியும் அருவங்காடும் கட்டிய வேலிக்குள் அகப்படாத ஆயுதமும் தோட்டாவும் ஐரோப்பாவிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

பிற்காலத்தில் இஷாப்பூர்த் துப்பாக்கிகள் பழைய சரக்காகக் கடல் தாண்டின. அமெரிக்காவில் அவற்றை வாங்கியவர்கள் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணி ஓடுவதைப் பார்த்து, இது இந்தியப் பிள்ளை என்று அடையாளம் கண்டார்கள். கட்டை பிளக்காமல் இருக்க இங்கே பூட்டியது அது. அவர்கள் கட்டையிலிருந்து பழைய கிரீஸை இறக்கி, ஆளிவிதை எண்ணெய் ஊட்டி, குழலைத் தேய்த்தெடுத்து, தோட்டாவுக்கு வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. போர்க்காலத்துத் துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறையைச் சேறு புகுந்தாலும் சிக்காதபடி தாராளமாகக் குடைந்திருந்தார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு அந்த இடத்தை நிரப்ப நீளும். திரும்பத் திரும்ப அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் சில முறைக்குள் அடிப்பக்கம் வளையமாக வெட்டுப்பட்டுத் தலை தனியாகக் கழன்றுவிடும். விவரம் தெரிந்தவர் கழுத்தை மட்டும் ஒடுக்குவார். ஒரு துப்பாக்கியில் சுட்ட கூட்டை மறுபடி அதே துப்பாக்கிக்குத்தான் வைப்பார்.

அவர் கிர்க்கிக் கூட்டைத் தொடுவதில்லை. அமெரிக்கரான பெர்டன் கண்டுபிடித்த கேப்பு இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றியது. ஆங்கிலேயரான பாக்ஸரின் கேப்பு அமெரிக்காவில் வேரூன்றியது. பாக்ஸர் கூட்டின் அடியில் நடுவே ஒரு துளை, ஊசியை விட்டுத் தட்டினால் பழைய கேப்பு விழுந்துவிடும். பெர்டனில் இரண்டு பொடித்துளைகள் ஓரமாக இருக்கும், ஊசி நுழையாது. கூட்டில் தண்ணீரை நிரப்பி அழுத்தத்தால் கேப்பைத் தெறிக்க வைக்கிறவர்களும் உண்டு, ஆனால் அது பொறுமைசாலிகளின் வேலை. ஆகவே கேஎஃப் முத்திரை போட்டவை சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போகின்றன, சுடுவதற்கு அமெரிக்கப் பித்தளை.

உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு நாளோடு த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது. அருவங்காட்டுத் தொழிற்சாலை 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. சிப்பாய் கைவிட்டாலும் விதி கைவிடவில்லை. டெக்சாஸில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை செய்யும் பொழுதுபோக்கைத் தூத்துக்குடியில் உரிமம் இல்லாமல் ஒருவர் செய்தால் துப்பாக்கிக்கு ஒரு வழக்கு, தோட்டா செய்ததற்கு ஒரு வழக்கு, வெடிமருந்து வைத்திருந்ததற்கு இன்னொன்று.