கில்ற் உடையும் காலநிலையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தின் உடையை நிர்ணயிப்பது அவர் வாழும் நிலத்தின் காலநிலையா, அன்றி அவரை ஆள்வோரின் அதிகாரமா? இவ்வினாவை ஆராய்வதற்கு ஸ்கொத்லாந்து மலைநாட்டாரின் ‘கில்ற்’ உடை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியளவில் வழக்கிலிருந்த பெருங்கில்ற், உடலளவுக்கு வெட்டித் தைக்கப்படாத நீண்ட கம்பளித் துணியேயாகும். அதனைக் கொய்து இடையில் வாரினாற் கட்டினர். குளிரிலும் மழையிலும் அதன் மேற்பகுதி தோளையும் தலையையும் மூடியது. வெயிலில் இடைக்குக் கீழே தொங்கவிடப்பட்டது. இரவில் வாரை அவிழ்த்ததும் அதுவே போர்வையாயிற்று. கம்பளி நனைந்த நிலையிலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். ஓடைகளையும் சதுப்பு நிலங்களையும் கடந்து மந்தை மேய்த்தோருக்கு, ஈரம் உலராத காற்சட்டையிலும் வெறுங்காலே வசதியாயிருந்தது. குதிரையிற் சென்றோரோ ‘ட்றூஸ்’ என்னும் இறுகிய காற்சட்டையை விரும்பினர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்பகுதி நீங்கிச் சிறுகில்ற் பரவியது. இரும்புலைத் தொழிலாளருக்கு நீண்ட துணி இடையூறாயிருந்தமையால், தோமஸ் றோலின்சன் என்னும் ஆங்கிலேயரே 1720களில் இதனை அமைத்தார் என 1785இல் வெளியான ஒரு கடிதம் கூறுகின்றது. வரலாற்றறிஞர் ஹியூ ட்றெவர்-றோப்பர் 1983இல் இதனை வலியுறுத்தினார், மறுப்போரும் உளர்.

1746இல் குலோடன் போரில் மலைநாட்டுக் கிளர்ச்சியாளர் தோற்றனர். அவ்வாண்டே பாராளுமன்றம் மலைநாட்டு உடையைத் தடைசெய்தது. முதற் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை; மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். ஆயின் மன்னரின் படையிற் சேர்ந்தோர்க்கு அதே உடை அனுமதிக்கப்பட்டது. தடைக்குக் காரணம் உடையன்று, அதனை அணிந்தோர்பாற் கொண்ட அச்சமே என்பது இதனாற் புலப்படும். 1782இல் தடை நீங்கியபோது ஒரு தலைமுறை கடந்துவிட்டது. 1822இல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜோர்ஜ் மன்னரே கில்ற் அணிந்தார். உழைப்போரின் உடை விழாக்கோலமாயிற்று.

முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அதன் கொசுவங்களிற் சேறும் பேனும் சேர்ந்தன; உறைந்த விளிம்பு முழங்காலைக் கிழித்தது; நச்சுவாயு வெற்றுத் தோலைச் சுட்டது. 1939இல் கில்ற் போர்க்களத்திலிருந்து விலக்கப்பட்டபோது, படையினர் சிலர் அதனைக் கைவிட மனமொப்பவில்லை.

மலைச்சாரலில் உடல் நலன் கருதித் தெரிவுசெய்யப்பட்ட உடை, உடல் துன்புற்ற வேளையிலும் பெருமைக்காகப் பேணப்பட்டது. காலநிலை தோற்றுவித்ததை அதிகாரம் தடுத்தது. தடுக்கப்பட்டமையே அதனை ஓரினத்தின் அடையாளமாக்கிற்று எனலாம்.