தரை துடைத்த அறிஞர்கள்

கடற்பயண வரலாற்றை எழுதுவோர் கண்டடைந்த நிலங்களைப் பற்றியே மிகுதியாக எழுதுகின்றனர். கப்பலுக்குள் மனிதர் ஒருவரோடொருவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. தென்துருவக் கண்டத்தைக் குறுக்கே நடந்து கடக்கும் நோக்கோடு சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் கொண்டு சென்ற 'எண்டூரன்ஸ்' கப்பலின் அன்றாட வாழ்வோ மறக்கத்தக்கதன்று.

1914 டிசம்பர் 5 அன்று தெற்கு ஜார்ஜியாத் தீவிலிருந்து 28 பேரோடு புறப்பட்ட அக்கப்பல், 1915 சனவரியில் வெடல் கடலின் பனிக்கட்டிகளிடையே சிறைப்பட்டது. மே தொடக்கத்தில் மறைந்த கதிரவன் சூலை இறுதிவரை முகம் காட்டவில்லை. குளிர் மிகவே, சரக்கறையைத் தங்குமிடமாக்கி, இலண்டன் மாநகரின் ஆடம்பர விடுதியின் பெயரால் அதனை 'ரிட்ஸ்' என்று வேடிக்கையாக அழைத்தனர். நாய்களுக்குப் பனியிலேயே குடில்கள் அமைத்தனர். உணவுக்கும் எரிபொருளுக்கும் சீல்களை வேட்டையாடினர். இரவுதோறும் ஒருவர் முறைப்படி விழித்திருந்து அடுப்பைப் பேணினார். சனிக்கிழமை இரவுகளில் பிரிந்து வந்த அன்பர்களை நினைந்து கிண்ணம் உயர்த்தினர். ஹஸ்ஸியின் பாஞ்சோ இசை சோர்வை விரட்டியது.

இவற்றினும் மேலானது ஷாக்கிள்டன் வகுத்த ஒழுங்கு. அறிவியல் அறிஞரும் அதிகாரியும் மாலுமியும் ஒருவர் விடாமல் முறைவைத்துத் தரை துடைக்க வேண்டும். கடற்படைக் காலாட்பிரிவின் அதிகாரியான ஆர்ட்-லீஸுக்கு இது கசந்தது. மேன்மக்களாக வளர்க்கப்பட்டோருக்கு இவ்வேலை தகுமா எனத் தம் நாட்குறிப்பில் வினவிய அவரே, பொய்யான பெருமையின் மிச்சத்தையும் இது கரைத்துவிடுகிறது என்றும் எழுதினார். பாதம் கழுவ வந்த ஆண்டவரைத் தடுத்துப் பின் இணங்கிய பேதுருவின் நிலை இது.

1915 அக்டோபர் 27 அன்று நொறுங்கிக்கொண்டிருந்த கப்பலைக் கைவிட்டுப் பனிமேல் இறங்கினர். கதகதப்பான மென்மயிர்த் தோல் உறக்கப்பைகள் பதினெட்டே இருந்தன. சீட்டுப் போட்டனர். தலைவருக்கும் பெரும்பாலான அதிகாரிகளுக்கும் கம்பளிப் பைகளே கிடைத்தன. சீட்டில் ஏதோ சூழ்ச்சி உண்டென்று மாலுமியர் உணர்ந்தனர். அச்சூழ்ச்சி எளியோரின் நன்மைக்காகவே செய்யப்பட்டது!

1916 ஆகஸ்டு 30 அன்று இறுதிக் குழுவினரும் மீட்கப்பட்டபோது, அந்த 28 பேரில் ஒருவரும் உயிரிழந்திருக்கவில்லை. துணிவு காத்தது என்பர். துடைப்பமும் காத்தது என்பேன் நான்.

திருச்சபையைக் கப்பலாக உருவகிப்பது நம் மரபு. நம் பங்குகளில் பெருவிழாத் தேருக்குத் தோள்கொடுக்க முந்துவோர் பலர். மறுநாள் கோவிலைப் பெருக்க வருவோர் சிலர். அச்சிலரும் பெரும்பாலும் அதே எளிய குடும்பத்தினரே. பெரிய வியாழனன்று மட்டும் பாதம் கழுவும் சபை கரை சேருமோ? துடைப்பம் கைமாறும் நாளில்தான் நாம் ஒரே கப்பலில் பயணம் செய்வது மெய்யாகும்.