வாவியின் இசையும் வலைஞர் செவியும்

கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த ஆரையம்பதி முதலாய ஊர்களில் மட்டக்களப்பின் 'பாடும் மீன்' கதையை அறியாதார் இலர். அக்கதை உலகறியக் காரணராய் இருந்தோர் அவ்வாவியின் வலைஞரே ஆவர்.

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் மட்டக்களப்புக்கு வந்து, இவ்வொலியைப்பற்றி மீன்பிடிப்போரை வினவினார். வறண்ட காலத்தில் அது கேட்குமென்றும், மழைநீர் பெருகி வாவி நிறைந்தபின் அடங்கிவிடுமென்றும், அது ஒருவகை ஊரியின் ஒலியென்றும் அவர்கள் விடை பகர்ந்தனர். ஊரிகளையும் எடுத்துக் காட்டினர்.

அன்றிரவு நிலவெழுந்ததும் அவர் அவர்களுடன் தோணியேறினார். கோட்டைவாயில் துறையிலிருந்து ஏறத்தாழ 200 யார் வடகிழக்கே, காற்றசையாத நீரில் தோணி நின்றது. நுண்ணொலிகள் பல, உச்சமும் மந்தமுமாய்க் கலந்து கீழிருந்து எழுந்தன. தோணியின் மரத்திற் செவியைப் பொருத்தியபோது அவ்வொலி மிகுந்து கேட்டது.

1859இல் வெளிவந்த தமது நூலில் தெனன்ற் இவற்றை எழுதினார். ஒலியெழுப்புவது ஊரியோ மீனோ என்பது இன்றும் ஐயமின்றித் துணியப்படவில்லை. எழுதியவர் பெயர் நிலைத்தது. இடமும் காலமும் அறிந்து அழைத்துச் சென்றோர் பெயர் நிலைக்கவில்லை. எனினும் ஏட்டில் ஏறிய அறிவு, வாவியோடு வாழ்ந்த அவர்களுடையதே.